கறுத்த மரத்துக்கு வெள்ளைச் சாயமா? அவசரம் வேண்டாம்!

(தொலைக்காட்சிக் கருத்துக்களம் ஒன்றில் ஹுத்தான் மெலிந்தாங் அன்பர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



வரவேற்பறையில் இருக்கும் கறுத்த மரத் தளவாடங்களுக்கு வண்ணம் பூசலாமா, கூடாதா? இதுதான் இன்று நமக்குக் கொடுக்கப்பட்டிருக்கும் கேள்வி. நாட்டில் எத்தனையோ பிரச்சினைகள் இருக்க, அலமாரிக்குச் சாயம் அடிப்பதைப் பற்றி உட்கார்ந்து பேச வேண்டுமா என்று சிலர் நினைக்கலாம். ஆனால் தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போது நம் வீடுகளுக்குள் போய்ப் பாருங்கள். சுவருக்கு என்ன வண்ணம் என்பதில் தொடங்கும் பேச்சு, மெதுவாக நகர்ந்து மூலையில் நிற்கும் பழைய அலமாரியில் வந்து நிற்கும். "இதையும் சேர்த்து வெள்ளை அடித்துவிடலாமே" என்று ஒருவர் சொல்வார். "அது தாத்தா காலத்துச் சாமான், கை வைக்காதே" என்று இன்னொருவர் சொல்வார். அன்று இரவு அந்த வீட்டில் பாதிப் பேர் பேசாமல் படுத்திருப்பார்கள். எங்கள் வீட்டில் நடந்ததைத்தான் சொல்கிறேன்.

எனக்கு முன் பேசிய சகோதரி, காலத்துக்கு ஏற்ப வீடும் மாற வேண்டும் என்றார். அடுத்துப் பேசிய ஐயா, மரத்தை மரமாக விட வேண்டும் என்றார். இரண்டு பேரும் நியாயத்தைத்தான் சொன்னார்கள். ஆனால் இரண்டு பேருமே ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிட்டார்கள் என்பது என் தாழ்மையான கருத்து. அந்தக் கேள்வி என்ன என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன், இந்தச் சிக்கல் நமக்கு ஏன் வந்தது என்று பார்ப்போம்.

லயத்திலிருந்து தாமானுக்கு

நான் கீழ்ப் பேராக் பக்கம், பெர்னாம் ஆற்றங்கரையில் உள்ள ஹுத்தான் மெலிந்தாங்கைச் சேர்ந்தவன். ஆற்றுக்கு இந்தப் பக்கம் பேராக், அந்தப் பக்கம் சிலாங்கூர். 2017-ஆம் ஆண்டிலிருந்து எங்கள் ஊர் பாகான் டத்தோ மாவட்டத்தில் இருக்கிறது. மீன்பிடிப் படகுகள், தென்னை, செம்பனை இவைதான் இன்று அங்கே கண்ணுக்குத் தெரிபவை. ஆனால் எங்கள் அப்பா தலைமுறைக்கு அது கித்தாக் காடு. 1906-ல் டென்மார்க் நாட்டவரான ஆகே வெஸ்டென்ஹோல்ஸ் தொடங்கிய ஜெண்டராட்டா தோட்டம் எங்களுக்குப் பக்கம்தான். அதைச் சுற்றிலும் சிறிதும் பெரிதுமாக எத்தனையோ தோட்டங்கள் இருந்தன. காலையில் பெரட்டுக்குப் போய், பால் வெட்டி, வாளி தூக்கி வாழ்ந்த குடும்பங்கள் அவை.

லயத்து வீட்டில் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியே வந்ததில்லை. ஏனென்றால் அங்கே வரவேற்பறை என்று ஒன்று இல்லை. ஐந்தடித் திண்ணை, ஓர் அறை, ஒரு குசினி. கதவைத் திறந்தால் வெளிச்சம் தானாக வரும். கறுத்த அலமாரி உள்ளறையில் நின்றது. யாரும் அதை அழகு பார்த்ததில்லை. துணியும் பத்திரமும் வைத்துப் பூட்டுவதற்கு அது இருந்தது, அவ்வளவுதான்.

கித்தா போய்ச் செம்பனை வந்தது. தோட்டம் துண்டானது. நாம் தாமான் வீடுகளுக்கு வந்தோம். அந்த வரிசை வீடுகளை நினைத்துப் பாருங்கள். நடு வீடாக இருந்தால் இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். வெளிச்சம் முன்பக்கத்திலிருந்து வர வேண்டும், அல்லது பின்பக்கத்திலிருந்து வர வேண்டும். முன்பக்கத்தில் காடி நிறுத்தக் கூரை போட்டுவிட்டோம். பின்பக்கத்தில் குசினியை நீட்டிக் கட்டிவிட்டோம். மிச்சமிருக்கும் ஹாலில் பகல் 12 மணிக்கும் விளக்குப் போட வேண்டியிருக்கிறது. பிறகு அந்த இருட்டுக்குப் பழியை எதன் மேல் போடுகிறோம்? பாவம், அந்த அலமாரியின் மேல்!

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். கறுப்பு என்றால் அழுக்கு, வெள்ளை என்றால் சுத்தம் என்ற எண்ணம் நம்மிடம் ஆழமாக இருக்கிறது. பெண் பார்க்கப் போகும்போது காட்டும் அந்தப் புத்தியை மேசை நாற்காலியிடமும் காட்டுகிறோம். அதை முதலில் மனத்திலிருந்து கழற்றி வைத்துவிட்டுப் பேசுவோம்.

அந்தக் கறுப்பு யார் பூசியது?

இப்போது, கேட்க மறந்த கேள்விக்கு வருகிறேன். உங்கள் வீட்டுத் தளவாடம் கறுப்பாக இருக்கிறதே, அது மரத்தின் நிறமா, அல்லது கடைக்காரர் பூசிய நிறமா?

இந்தக் கேள்விக்கு விடை சொல்ல நம்மைவிடப் பொருத்தமானவர்கள் உலகத்தில் இல்லை. 1876-ல் ஹென்றி விக்கம் என்ற ஆங்கிலேயர் பிரேசிலிலிருந்து சுமார் 70,000 ரப்பர் விதைகளை லண்டன் கியூ தோட்டத்துக்குக் கொண்டுபோனார். 1877-ல் அங்கிருந்து கிளம்பிய கன்றுகளில் 22 சிங்கப்பூர் வந்து சேர்ந்தன. அவற்றில் சில, நம் பேராக்கின் கோலகங்சாரில் நடப்பட்டன. அந்த மரத்தின் பாலில்தான் மூன்று தலைமுறை சோறு தின்றோம். பால் வற்றிய பிறகு, ஏறத்தாழ 25, 30 வயதில் மரத்தை வெட்டுவார்கள். அந்தக் காலத்தில் வெட்டிய மரம் அடுப்புக்கும் புகைக்கூடத்துக்கும் சூளைக்கும் விறகாகப் போனது. அதில் நாற்காலி செய்ய முடியும் என்று நம் பாட்டன்மார் யாரும் நம்பியிருக்க மாட்டார்கள்.

காரணம் இருக்கிறது. கித்தா மரத்தின் பலகை வெளிர் நிறம். அறுத்தவுடன் பார்த்தால் பாலாடை போல இருக்கும். மாவுச்சத்து அதிகம். அதனால் சில நாளிலேயே நீலப் பூசணம் பிடிக்கும், பொடி வண்டு துளைக்கும். பிறகு வெட்டிய கையோடு போரான் மருந்து ஏற்றிச் சூளையில் உலர்த்தும் முறை வந்தது. கெப்போங்கில் உள்ள வன ஆராய்ச்சிக் கழகம் இதில் நிறைய வேலை செய்திருக்கிறது. 1980-களுக்குப் பிறகு கித்தா மரத் தளவாடம் நம் நாட்டின் பெரிய ஏற்றுமதிப் பொருளாகிவிட்டது. ஜொகூரின் மூவார் அதற்குப் பெயர்பெற்ற ஊர்.

இப்போது சிந்தித்துப் பாருங்கள். மரமோ வெளிர் நிறம். ஆனால் தவணைக் கடையில் வாங்கிய சாப்பாட்டு மேசையும் டிவி அலமாரியும் ஏன் கறுத்த பழுப்பாக இருக்கின்றன? தேக்கு மாதிரி, கருங்காலி மாதிரி தெரிய வேண்டும் என்பதற்காகத் தொழிற்சாலையிலேயே சாயம் ஏற்றி, மேலே மெருகு அடித்திருக்கிறார்கள். அப்பா வெட்டிய மரம் வேஷம் போட்டுக்கொண்டு மகன் வீட்டு ஹாலுக்கு வந்திருக்கிறது!

ஆகவே, "மரத்தின் இயற்கை நிறத்தை மறைக்கலாமா" என்று அந்த மேசையைப் பார்த்துக் கண்ணீர் விட வேண்டிய அவசியமில்லை. அது ஏற்கெனவே சாயம் பூசிய சாமான்தான். நீங்கள் பூசப்போவது இரண்டாவது சாயம்.

கண்டுபிடிப்பது எப்படி?

வழி எளிது. இழுப்பறையை வெளியே எடுத்து அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். மேசையைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். அங்கே பெரும்பாலும் சாயம் இருக்காது. வெளிர் மஞ்சளாக, நரம்பு தெரியும் பலகையாக, விரல் விரலாக ஒட்டிய துண்டுகளாக இருந்தால் அது கித்தா மரமாக இருக்கலாம். அவல் அழுத்தியது போலத் துகளாக இருந்தால் அது சிப்போர்டு. மேலே மெல்லிய தாளோ மரத்தோலோ ஒட்டியிருப்பார்கள். அந்தத் தோலை உப்புத்தாள் போட்டு அழுத்தித் தேய்த்தால் கிழிந்துவிடும். பிறகு அதைச் சரிசெய்ய முடியாது.

அடிப்பக்கமும் உள்பக்கமும் ஒரே மாதிரி செம்பழுப்பாக, தூக்க இரண்டு ஆள் தேவைப்படும் கனமாக இருந்தால், நிதானியுங்கள். அது செங்கால் மரமாகவோ மெர்பாவாகவோ பர்மாத் தேக்காகவோ இருக்கலாம். செங்கால் நம் தீபகற்பத்துக்கே உரிய மரம். கரையானும் அதனிடம் சீக்கிரம் வாலாட்டாது. இன்று அந்த அகலத்தில் பலகை வாங்க வேண்டுமென்றால் தச்சர் உங்களை மேலும் கீழும் பார்ப்பார்.

தமிழ்நாட்டில் செட்டிநாட்டு வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். பர்மாவிலிருந்து கப்பலில் வந்த தேக்கில் தூணும் கதவும் அலமாரியும் செய்தார்கள். குடும்பங்கள் பிரிந்த பிறகு அந்தச் சாமான்கள் காரைக்குடியின் பழம்பொருள் கடைகளுக்கு வந்தன. சென்னையிலும் பெங்களூரிலும் இருப்பவர்கள் அவற்றைத் தேடி வாங்குகிறார்கள். ஒரு தலைமுறைக்கு இடத்தை அடைக்கும் சாமானாகத் தெரிந்தது, இன்னொரு தலைமுறைக்குத் தேடிப் போகும் பொருளாகிவிட்டது.

வெள்ளை அடித்த சீமாட்டி

மரச் சாமானுக்கு வெள்ளை அடிப்பது ஏதோ இன்றைக்குக் கைப்பேசியில் படம் பார்த்துப் பிள்ளைகள் கண்டுபிடித்தது என்று நினைக்க வேண்டாம். 1920-களில் லண்டனில் சிரி மாம் என்ற அம்மையார் வீட்டு அலங்காரத் தொழில் நடத்தினார். பழங்காலத்துக் கறுத்த சாமான்களை வாங்கி, மெருகை உரித்து, வெள்ளையும் வெளிர் நிறமும் பூசுவார். 1927-ல் செல்சியில் தம் வீட்டின் ஓர் அறையையே முழு வெள்ளையாக்கினார். ஊரே பேசியது. பழம்பொருள் ரசிகர்கள் வயிறெரிந்தார்கள். அவருடைய கணவர் யார் தெரியுமா? 1921-ல் மலாயாவுக்கு வந்து, தோட்டத் துரைமார்களைப் பற்றிக் கதை எழுதிய சாமர்செட் மாம். 1929-ல் அவர்களுக்கு மணமுறிவு ஆகிவிட்டது. அதற்கும் வெள்ளைச் சாயத்துக்கும் தொடர்பில்லை என்று நம்புவோம்!

அதற்கும் முன்பு, 18-ஆம் நூற்றாண்டில், சுவீடன் நாட்டில் மூன்றாம் குஸ்தாவ் மன்னர் காலத்தில், பைன், பர்ச் போன்ற சாதாரண மரத்தில் சாமான் செய்து வெளிர் சாம்பலும் வெள்ளையும் பூசினார்கள். அங்கே குளிர்காலத்தில் பகல் சில மணி நேரம்தான். கிடைக்கும் கொஞ்ச வெளிச்சத்தை அறைக்குள் திருப்பிவிட வெளிர் வண்ணம் உதவியது. மரமும் விலை குறைந்தது. ஆகவே அந்த ஊருக்கு அது பொருத்தம். நமக்கோ வெயிலுக்குப் பஞ்சமில்லை. வெளியே கொட்டிக் கிடக்கும் வெளிச்சத்தை நாமே கூரை போட்டு மறைத்துவிட்டு, சுவீடன் நாட்டுக்காரர்போல் அலமாரிக்கு வெள்ளை அடிக்கிறோம்.

தம்பி வாங்கிய பாடம்

இப்போது எங்கள் வீட்டுக் கதை. எங்களிடம் அப்பா காலத்துச் சாமான்கள் இரண்டு இருந்தன. ஒன்று பெரிய அலமாரி. 1968-ல் தோட்டத்துப் பழைய பட்டறையைப் பிரித்தபோது கிடைத்த செங்கால் பலகைகளை வாங்கி, ஆசாரி ஒருவரைக் கொண்டு அப்பா செய்தது. இன்னொன்று மெர்பாவ் மர பெஞ்சு. பாகம் பிரித்தபோது அலமாரி எனக்கும் பெஞ்சு தம்பிக்கும் வந்தன.

தம்பி சுறுசுறுப்பானவன். தீபாவளிக்கு நான்கு நாள் இருக்கும்போது பெஞ்சுக்கு வெள்ளைப் பெயிண்ட் அடித்தான். முதல் நாள் பளிச்சென்று இருந்தது. இரண்டாம் நாள் அங்கங்கே மஞ்சள் படிந்தது. அடுத்த வாரம் தேநீர் கொட்டியது போலப் பழுப்புத் திட்டுகள் வந்துவிட்டன. இன்னொரு கை அடித்தான். அதையும் தாண்டி வந்தது. தீபாவளிக்கு வந்த விருந்தாளி ஒருவரின் புது வேட்டியில் பெயிண்ட் ஒட்டிக்கொண்டது தனிக் கதை.

என்ன நடந்தது? மெர்பாவ், தேக்கு போன்ற கறுத்த மரங்களில் கறை விடும் சத்து இருக்கிறது. நீர் கலந்த பெயிண்ட் பட்டதும் அது கரைந்து மேலே ஏறும். எத்தனை கை அடித்தாலும் மேலே வரும். அதைத் தடுக்கக் கறை தடுக்கும் அடிப்பூச்சு முதலில் கொடுக்க வேண்டும். ஷெல்லாக் கலந்த அடிப்பூச்சு அதற்கு நன்றாக வேலை செய்யும். ஷெல்லாக் என்றவுடன் ஏதோ வெளிநாட்டு இரசாயனம் என்று நினைக்காதீர்கள். பூச்சியிலிருந்து கிடைக்கும் நம் இந்திய அரக்குத்தான் அது. மேல்நாட்டார் பியானோவுக்கும் மேசைக்கும் பூசிய பிரெஞ்சு பாலிஷும் சாராயத்தில் கரைத்த அதே அரக்குத்தான்.

இரண்டாவது தவறு, மெழுகும் எண்ணெயும் போகக் கழுவாதது. நம் வீடுகளில் சாம்பிராணிப் புகை, விளக்கெண்ணெய்ப் பிசுக்கு, சமையல் ஆவி எல்லாம் மரத்தில் படிந்திருக்கும். டப்பாவில் விற்கும் தெளிப்பு மெருகில் சிலிக்கோன் இருந்தால், அதன் மேல் அடிக்கும் பெயிண்ட் ஒட்டாமல் மீன்கண் போல வட்ட வட்டமாக விலகும்.

மூன்றாவது தவறு, நாள். நம் மேற்குக் கரையில் அக்டோபர், நவம்பர் மாதங்கள் நல்ல மழைக்காலம். தீபாவளியும் அப்போதுதான். ஈரக் காற்றில் பெயிண்ட் தொட்டால் காய்ந்தது போல இருக்கும், உள்ளே காய்ந்திருக்காது. முழுக்க இறுகச் சில வாரம் பிடிக்கும். அதற்குள் பூச்சாடி வைத்தால் ஒட்டும், ஆள் உட்கார்ந்தால் வேட்டி ஒட்டும். பெயிண்ட் அடிப்பதானால் வறண்ட மாதத்தில் அடியுங்கள். தீபாவளிக்கு முதல் வாரத்தில் தூரிகையை எடுக்கவே எடுக்காதீர்கள்.

தம்பி கடைசியில் அந்தப் பெயிண்டை உரித்துப் பார்த்தான். மெர்பாவ், மெராந்தி, தேக்கு எல்லாம் மயிர்க்கண் திறந்த மரங்கள். வெள்ளை அந்தக் கண்களுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. எவ்வளவு சுரண்டினாலும் நரைத்த முடி போல வெள்ளைக் கோடுகள் நிற்கின்றன. சுவருக்கு அடித்தது பிடிக்காவிட்டால் மேலே வேறு வண்ணம் அடிக்கலாம். மரத்துக்கு அடித்தால் பழைய நிலைக்குத் திரும்புவது கிட்டத்தட்ட முடியாது. இதைத்தான் எல்லாரும் நினைவில் வைக்க வேண்டும்.

அலமாரிக் கதவின் உள்ளே

அடுத்து என் முறை வந்தது. என் மனைவி ஓர் ஆண்டாகவே சொல்லிக்கொண்டிருந்தார். "என்னங்க, ஹாலுக்குள்ள வந்தா குகைக்குள்ள வந்த மாதிரி இருக்கு. அத்தைக்கும் கண்ணு சரியா தெரியலை. அலமாரில ரெண்டு தடவை இடிச்சுக்கிட்டாங்க. வெள்ளை அடிச்சா தெரியும்ல?"

அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. அம்மாவுக்கு வயது 80-ஐத் தாண்டிவிட்டது. கண்ணில் புரை. விழுந்தால் என்ன ஆகும் என்பது வயதானவர்களை வைத்துப் பார்ப்பவர்களுக்குத் தெரியும்.

நான் அப்பாவின் நினைவு, பரம்பரைச் சொத்து என்று வாதாடினேன். அம்மா என் பக்கம் பேசுவார் என்று எதிர்பார்த்தேன். அவரோ, "அடிச்சா என்னப்பா? லயத்துல இருந்தப்ப வருசா வருசம் உங்க அப்பா சன்னலுக்குப் பச்சை அடிப்பாரு. இருந்திருந்தா இதுக்கும் அவரே அடிச்சிருப்பாரு. பூச்சி அரிக்காம இருந்தா சரி" என்று சொல்லிவிட்டார். பழையதைக் காக்க வேண்டும் என்ற பதைப்பு பல நேரங்களில் பழைய தலைமுறைக்கு இல்லை, நடுத் தலைமுறையான நமக்குத்தான் இருக்கிறது. தோட்டத்தை விட்டு வந்த நமக்குக் கையில் மிஞ்சியது கொஞ்சம் என்பதால் இருக்கலாம்.

சரி, அடித்துவிடலாம் என்று முடிவாகி, மனைவி அலமாரியைக் காலி செய்தார். மேல்தட்டுக் கதவின் உள்பக்கத்தைத் துடைக்கும்போது கையை நிறுத்திவிட்டார். பென்சில் எழுத்து. அப்பாவின் கையெழுத்து. பிள்ளைகள் ஐந்து பேரின் பெயர், பிறந்த தேதி, கிழமை, நேரம். நாங்கள் இப்போது நால்வர். மூன்றாவதாகப் பிறந்த தங்கை மூன்று மாதத்தில் போய்விட்டாள். அவளுக்குப் படம் இல்லை. அவள் இருந்ததற்கு எங்கள் வீட்டில் இருந்த ஒரே எழுத்து அந்தக் கதவில்தான் இருந்தது. அது அங்கே இருப்பது எங்களில் யாருக்கும் தெரியாது. அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது என்பதால் அவருக்கும் தெரியாது.

மனைவி அதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினார். அம்மா விரலால் தடவிப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. சாயம் வேண்டாம் என்று முதலில் சொன்னது என் மனைவிதான்.

உடனே நான் வென்றுவிட்டேன் என்று நினைக்காதீர்கள். எழுத்து இருந்தது உள்பக்கம். வெளிப்பக்கம் அடிக்கலாமே? ஹாலின் இருட்டு அப்படியேதானே இருக்கிறது? அம்மா இடித்துக்கொள்வதும் தீரவில்லையே? பாசம் ஒரு பக்கம் இருக்கட்டும், சிக்கலைத் தீர்க்க வேண்டாமா?

தீர்த்தது எப்படி?

கண் மருத்துவம் தெரிந்த உறவுக்காரப் பிள்ளை ஒரு விஷயம் சொன்னார். பார்வை மங்கியவர்களுக்குப் பொருள் வெள்ளையா கறுப்பா என்பது முக்கியமல்ல. பொருளுக்கும் அதன் பின்புறத்துக்கும் வேறுபாடு இருக்க வேண்டும். வெள்ளைச் சுவர் முன்னால் வெள்ளை அலமாரி நின்றால் அம்மாவுக்கு அது தெரியவே தெரியாது. எங்கள் ஹாலில் சுவர் அடர் பழுப்பு, திரைச்சீலை கருஞ்சிவப்பு, அலமாரி கறுப்பு. குற்றம் மூன்றுக்கும் பொது. மாற்றச் சுலபமானது சுவரும் திரையும்.

ஆகவே சுவருக்கு வெளிர் நிறம் அடித்தோம். திரையை மெல்லிய துணியாக மாற்றினோம். காடி நிறுத்தும் இடத்துக் கூரையில் இரண்டு தகட்டை எடுத்து, வெளிச்சம் ஊடுருவும் தகடு போட்டோம். அலமாரியை நடைபாதையிலிருந்து நகர்த்தி, சன்னலுக்கு எதிர்ச் சுவரில் வைத்தோம். இன்று வெளிர் சுவர் முன்னால் அந்த அலமாரி கறுப்பாக, தெளிவாக நிற்கிறது. அம்மா தூரத்திலிருந்தே பார்த்து விலகி நடக்கிறார்.

பிறகு அலமாரியைத் துடைத்தோம். இதை நீங்களும் பெயிண்ட் வாங்குவதற்கு முன் செய்து பாருங்கள். மெல்லிய சோப்பு நீரில் நனைத்துப் பிழிந்த துணியால் துடைத்து, உடனே உலர்த்த வேண்டும். பிறகு பஞ்சில் டர்பன்டைன் தொட்டு மெதுவாகத் தேய்த்தால் பழைய மெழுகும் புகையும் கறுப்பாக வரும். எங்களுக்கு ஒரு கூடை பஞ்சு கறுத்தது. உள்ளே இருந்தது கறுப்பு மரமே அல்ல, தேன் கலந்த பழுப்பு! இத்தனை ஆண்டுப் புகையைத்தான் மரத்தின் நிறம் என்று நம்பியிருந்தோம். மேலே மெழுகு போட்டுத் துணியால் தேய்த்ததோடு வேலை முடிந்தது. பென்சில் எழுத்துப் பக்கம் மட்டும் துணியே போகவில்லை.

டிவி அலமாரிக்கும் இரண்டு நாற்காலிக்கும் சாயம் பூசினோம். அவை தவணைக் கடையில் வாங்கிய கித்தா மரம். மெருகு உரிந்து, பார்க்கச் சகிக்காமல் இருந்தன. கழுவி, 180-ஆம் எண் உப்புத்தாளில் லேசாகத் தேய்த்து, தூசு துடைத்து, அடிப்பூச்சு ஒரு கை, வெளிர் பச்சை இரண்டு கை. ஒவ்வொரு கைக்கும் இடையில் ஒரு முழு நாள் விட்டோம். கால்களின் அடிப்பாகத்துக்கும் பூசினோம், ஏனென்றால் தரை ஈரம் அங்கேதான் ஏறும். மனைவிக்கு மகிழ்ச்சி. எனக்கும் மகிழ்ச்சி. அப்பா சன்னலுக்கு அடித்த பச்சை என்று அம்மாவிடம் சொன்னோம்.

எச்சரிக்கை இரண்டு

முடிப்பதற்கு முன் இரண்டு எச்சரிக்கை. பழைய சாமானில் ஏற்கெனவே பெயிண்ட் இருந்தால், அதில் ஈயம் இருக்கலாம். அமெரிக்காவில் வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை 1978-லேயே தடுத்தார்கள். பல நாடுகளில் அதற்குப் பிறகும் நீண்ட காலம் இருந்தது. அப்படிப்பட்ட பெயிண்டை உலர்ந்த உப்புத்தாளால் தேய்க்காதீர்கள். அந்தத் தூசு சிறு பிள்ளைகளின் மூளையைப் பாதிக்கும். நீர் தெளித்துத் தேய்த்து, முகமூடி போட்டு, பிள்ளைகளை அண்டவிடாமல் செய்யுங்கள். அல்லது தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

இரண்டாவது, சாமானின் கீழே மாவு போலப் பொடி கொட்டினால் உள்ளே பொடி வண்டு இருக்கிறது. பெயிண்ட் அடித்தால் அது செத்துப்போகும் என்று நினைக்காதீர்கள். வெளியிலிருந்து புதிய வண்டு முட்டையிடுவதைப் பூச்சுத் தடுக்கும். உள்ளே இருக்கும் புழு மரத்தைத் தின்றுகொண்டேதான் இருக்கும். முதலில் மருந்து, பிறகுதான் சாயம்.

வள்ளுவப் பெருந்தகை ‘தெரிந்து செயல்வகை' என்று ஓர் அதிகாரமே வைத்தார். அரசருக்குச் சொன்னது அலமாரிக்கும் பொருந்தும். முதலில் சாமானைக் கவிழ்த்து, அது என்ன மரம் என்று பாருங்கள். அடுத்து, இருட்டு சாமானிலா, சுவரிலா, கூரையிலா என்று பாருங்கள். மூன்றாவதாக, துடைத்துப் பாருங்கள். நான்காவதாக, அதை வைத்துக்கொண்டு வாழும் எல்லாரையும் கேளுங்கள், வீட்டில் வயதானவர் இருந்தால் அவரையும்தான். இவ்வளவுக்கும் பிறகு அடிக்கலாம் என்று தோன்றினால், இழுப்பறை ஒன்றின் பின்பக்கத்தில் சிறிது அடித்து, ஒரு மாதம் விட்டுப் பாருங்கள். கறை ஏறாமல், உரியாமல், உங்களுக்கும் சலிக்காமல் இருந்தால் தாராளமாக அடியுங்கள். யாரும் உங்களைக் குறை சொல்ல முடியாது.

அதற்கு முன் தயவுசெய்து எல்லாக் கதவுகளையும் திறந்து, உள்பக்கம் ஒரு விளக்கைக் காட்டிப் பாருங்கள். நம் அப்பா அம்மாக்களிடம் நாட்குறிப்புப் புத்தகம் இருந்ததில்லை. அவர்கள் எழுதியது எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாது.